வாடகைப்படியை வருமானக் கணக்கில் சேர்க்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அரசு நிர்வாகம் முடங்கியிருந்த 2025 அக்டோபர், நவம்பர் மாதங்களில், படைவீரர்களின் குடும்பங்கள் உணவுப் பொருட்களுக்காக வரிசையில் நின்ற செய்தியை வாசகர்கள் பலரும் படித்திருப்பார்கள். சம்பளம் நின்றுவிடுமோ என்ற அச்சத்தால் வந்த தற்காலிக நெருக்கடி என்றே பெரும்பாலோர் அதைக் கருதியிருக்கக்கூடும். ஆனால், அந்த வரிசைகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே படைத்தளங்களை ஒட்டிய ஊர்களில் இருந்து வருகின்றன. கடற்படையின் பெருந்தளங்களுள் ஒன்று அமைந்துள்ள சான் டியேகோவில் வசிப்பவன் என்ற முறையிலும், இங்கு நடைபெறும் உணவு வழங்கும் பணியில் அவ்வப்போது பங்கேற்பவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

உலகிலேயே மிக அதிகமாகப் பாதுகாப்புக்குச் செலவிடும் நாட்டின் படையில் பசியா என்று கேட்பவர்களுக்கு அந்நாட்டின் பாதுகாப்புத் துறையே விடை சொல்லியிருக்கிறது. முழுநேரப் பணியில் இருக்கும் வீரர்களில் 24 சதவீதத்தினர் 2020-ஆம் ஆண்டில் உணவுக்கு உறுதியற்ற நிலையில் இருந்ததாக 2022-இல் அத்துறை வெளியிட்ட அறிக்கை ஒப்புக்கொண்டது. ராண்ட் ஆய்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையும் ஏறத்தாழ அதே அளவைத்தான் கூறியது. அதைவிட என்னை வருத்தியது அவ்வறிக்கையின் மற்றொரு தகவல்: அவ்வாறு தவித்தவர்களில் ஏதேனும் ஓர் உணவு உதவியைப் பெற்றவர்கள் சுமார் 14 சதவீதத்தினர் மட்டுமே.

உதவி ஏன் போய்ச் சேரவில்லை என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் இடமாற்றத்தால் மனைவியோ கணவரோ வேலையை இழக்கிறார். வேலை தேடும் வாழ்க்கைத்துணைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வேலை கிடைப்பதில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தாய் தந்தையர் அருகில் இல்லை. இவற்றையெல்லாம் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், காகிதத்தில் ஒரு வரியைத் திருத்தினாலே தீரக்கூடிய குறை ஒன்று இருக்கிறது. வீட்டு வாடகைப்படியை வருமானமாகக் கணக்கிடுவதே அந்தக் குறை.

உணவு வாங்க வந்த இளம்பெண் ஒருவர், கடற்படையில் பணியாற்றும் தம் கணவரின் சம்பளச் சீட்டைக் கைப்பேசியில் திறந்து காட்டினார். வரவுப் பகுதியில் வாடகைப்படி என்று மூவாயிரம் டாலருக்கு மேல் ஒரு தொகை. பிடித்தப் பகுதியில் அதே தொகை, சில்லறை மாறாமல், வீட்டை நிர்வகிக்கும் தனியார் நிறுவனத்துக்குச் சென்றிருந்தது. அந்தப் பணம் ஒரு நாள்கூட அவர்கள் வங்கிக் கணக்கில் தங்கியதில்லை. ஆயினும், உணவு உதவிக்கு விண்ணப்பித்தபோது அது அவர்களுடைய வருமானமாகச் சேர்க்கப்பட்டு, வரம்பை மீறிவிட்டார்கள் என்ற காரணத்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் கடைநிலை வீரர்களுக்குச் சிறப்பு ஊதிய உயர்வு வந்த பிறகும், கீழிருந்து மூன்றாம் நிலையில் புதிதாகச் சேர்ந்தவரின் அடிப்படைச் சம்பளம் அந்த ஆண்டில் மாதம் 2,733 டாலராகவே இருந்தது. உணவுப்படி 465 டாலரைச் சேர்த்தால் 3,198 டாலர். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஸ்நாப் எனப்படும் உணவு உதவித் திட்டத்தின் பொதுவான வருமான வரம்பு, வறுமைக்கோட்டின் 130 சதவீதம், அதாவது 2025-ஆம் ஆண்டின் அளவுப்படி மாதம் சுமார் 3,483 டாலர். இதன்படி அந்தக் குடும்பம் வரம்புக்குள் வருகிறது. வாடகைப்படியைச் சேர்த்ததும் ஆறாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. வரம்பை 200 சதவீதமாக உயர்த்தியுள்ள மாநிலங்களில்கூட அக்குடும்பத்துக்கு இடமில்லை. வாடகை மிகுந்த ஊரில் படி அதிகம் என்பதால், எங்கு வாழ்க்கை கடினமோ அங்கேதான் கதவு முதலில் அடைபடுகிறது.

இதே வாடகைப்படிக்கு வருமான வரி கிடையாது. கருவுற்ற தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான விக் ஊட்டச்சத்துத் திட்டத்தில் அதை விலக்கிவைக்க மாநிலங்களுக்குச் சட்டம் இடமளிக்கிறது. வரித்துறை வருமானமாகக் கொள்ளாத ஒன்றை உணவு உதவித் திட்டம் மட்டும் வருமானமாகக் கொள்வது எந்த வகையில் நியாயம்? முன்பு அரசே வீடு கட்டிக் கொடுத்த காலத்தில் சம்பளச் சீட்டில் இந்தத் தொகையே இருந்ததில்லை. 1996-இல் தொடங்கிய தனியார்மயத் திட்டத்தால் வீடுகள் நிறுவனங்களின் கைக்குப் போன பிறகுதான், அதே வளாகத்தில் குடியிருக்கும் வீரர் காகிதத்தில் மட்டும் வசதி படைத்தவராகிவிட்டார்.

நாடாளுமன்றம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். அடிப்படைத் தேவைகளுக்கான படி என்ற புதிய உதவிக்கு 2021 டிசம்பரில் சட்டம் இயற்றப்பட்டு, 2023 ஜனவரி முதல் அது வழங்கப்படுகிறது. வறுமைக்கோட்டின் 130 சதவீதமாக வகுக்கப்பட்ட அதன் வரம்பு 150 ஆகி, பின்னர் 200 சதவீதமாக உயர்ந்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், இங்கும் வாடகைப்படி வருமானமாகவே எண்ணப்படுகிறது. செலவு மிகுந்த பகுதிகளில் அதை விலக்கும் உரிமை படைத்துறைச் செயலர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. குடும்பத்தின் மொத்த வருமானத்துக்கும் சான்று இணைத்து வீரரே விண்ணப்பிக்கவும் வேண்டும். பணநெருக்கடி தெரியவந்தால், இரகசியத் தகவல்களைக் கையாளத் தேவையான பாதுகாப்பு அனுமதிக்கும் பதவி உயர்வுக்கும் இடையூறு வருமோ என்று அஞ்சும் இருபது வயது இளைஞர், தம் மேலதிகாரிகளின் பார்வைக்கு அந்தத் தாள்களை அனுப்பத் தயங்குவதில் வியப்பில்லை. 2001-இல் தொடங்கிய முந்தைய உணவு உதவிப்படியும் இவ்வாறே மிகச் சிலரை மட்டும் எட்டி, 2016-இல் உள்நாட்டில் கைவிடப்பட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகும் அதே வழியில் செல்வது எனக்குப் புரியவில்லை.

இது நம்மவருக்குத் தொடர்பில்லாத செய்தி என்று வாசகர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. 2009 முதல் 2016 வரை, குடியுரிமை பெறாதவர்களையும் மொழித்திறனுக்காக அமெரிக்கப் படையில் சேர்த்த திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. நம் பிள்ளைகளும் அந்தச் சீருடையை அணிந்திருக்கிறார்கள்.

உணவு உதவிக் கணக்கிலிருந்து வாடகைப்படியை நீக்கக் கோரும் மசோதாக்கள் இரு கட்சியினர் ஆதரவுடனும் பலமுறை முன்வைக்கப்பட்டும் நிறைவேறவில்லை. வாடகைப்படியை உணவு உதவித் திட்டம், அடிப்படைத் தேவைப் படி ஆகிய இரண்டின் கணக்கிலிருந்தும் சட்டத்தாலேயே நீக்க வேண்டும். தகுதியுள்ளவரைச் சம்பளப் பிரிவே கண்டறிந்து, அவர் மறுத்தாலன்றித் தொகையைத் தானாகவே சேர்க்க வேண்டும். சம்பளமும் குடும்ப விவரமும் ஏற்கெனவே அந்தப் பிரிவிடம் இருக்க, துணையின் வருமானம் ஒன்றை மட்டும் கேட்டுப் பெற்றால் போதுமானது. அமெரிக்காவில் வாக்குரிமை பெற்றுள்ள தமிழர்கள் இவ்விரண்டையும் தத்தம் தொகுதி உறுப்பினருக்கு எழுதித் தெரிவிக்குமாறு தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சான் டியேகோ, கலிஃபோர்னியா