வில்லுக்கு ஒரு சாமம்

ஐயா,

கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக்கான நேரம் குறைந்து, இன்னிசைக் கச்சேரிகள் கூடிவருவதாகக் உங்கள் இதழின் குமரி மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். இதை ரசனை மாற்றம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. சாதியைக் கோயில் முற்றத்திலேயே வைத்துக் கேள்வி கேட்ட கலை வில்லுப்பாட்டு. முத்துப்பட்டன் கதையில், செருப்புத் தைப்பவரின் மகள்களான பொம்மக்கா, திம்மக்காவை மணக்க அந்தணன் ஒருவன் பூணூலைத் துறந்து தோல் வேலை கற்கிறான். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோள்சீலை என்னும் மேலாடை அணியும் உரிமைக்கே 1859 வரை போராடிய மண்ணில் இதைப் பாடுவது சின்ன விஷயமா?

எங்கள் ஊர்க் கொடையில் அந்த இடம் வந்ததும் பாடிக்கொண்டிருந்த புலவர் வில்லைத் தட்டும் வீசுகோலை நிறுத்தினார். குடத்தின் தட்டு மட்டும் கேட்டது. வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சி கையை நிறுத்திவிட்டு, "அவனாக்கும் மனுசன்" என்றார். சாதி மாறிக் கல்யாணம் செய்த பேத்தியோடு அவர் பேசாமலிருந்த காலம் அது. அடுத்த வாரம் அவளைப் பார்க்க பஸ் ஏறிவிட்டார். (போகும்போது முறுக்கும் சுட்டு எடுத்துப் போனார்.) கச்சேரியும் இருக்கட்டும், சரி. ஆனால் கொடையின் ஒரு சாமத்தையாவது கதை முழுதாகப் பாட வில்லுக்கு விட்டுவைக்க விழாக் குழுக்கள் முடிவெடுக்கலாம்.

- ஒரு வாசகர், தோவாளை