துக்ளகாபாத்தின் வற்றிய ஏரியையும் காட்டுங்கள்

தில்லியின் தொன்மைச் சின்னங்களைப் பேணும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

துக்ளகாபாத் கோட்டையைப் பார்க்க வரும் தில்லித் தமிழ்ப் பிள்ளைகள் பலரும் சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியா இந்த நகரத்தைச் சபித்த கதையைத்தான் கேட்டுத் திரும்புகிறார்கள். கதை இருக்கட்டும், அந்த நகரம் எப்படித் திட்டமிடப்பட்டது என்பதும் அவர்களுக்கு விளங்க வேண்டும்.

1320இல் தில்லி அரியணை ஏறி இந்நகரை எழுப்பிய கியாசுதீன் துக்ளக், அதற்கு முன் பல்லாண்டுகள் எல்லைப்புறத்தில் மங்கோலியரை எதிர்த்து நின்ற தளபதி. அந்த அனுபவத்தை அவர் எழுப்பிய மதிலிலேயே காணலாம். ஏறத்தாழ 6.5 கிலோமீட்டர் சுற்றளவுக்கு, ஆரவல்லிக் குன்றின் கல்லால், உள்நோக்கிச் சரிந்து உயரும் பருத்த சுவர்களும் வட்டக் கொத்தளங்களும் அவற்றின் மேல் ஞாயில்களுமாக (வீரர் மறைந்து நிற்கும் பல்வரிசை போன்ற சுவர் முகடுகளுமாக), அழகுக்கென்று எதையும் சேர்க்காமல் கட்டப்பட்ட மதில் அது. இந்த நகரம் எழுந்துகொண்டிருந்த 1323ஆம் ஆண்டில்தான் அவர் மகன் உலூக் கான் வாரங்கல்லை வென்றார். மதுரையும் தில்லியின் ஆட்சிக்குள் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இது அயலார் வரலாறு அன்று.

மதிலுக்கு வெளியே, தெற்கில், ஓர் ஏரி இருந்தது. அதன் நீர் சூழ நின்றதே கியாசுதீனின் சமாதி. செம்மணற்கல்லும் வெண்பளிங்கும் கொண்டு அழகுறக் கட்டப்பட்டிருந்தாலும், அதன் சுவர்களும் கோட்டைச் சுவர்களைப் போலவே சரிந்திருக்கின்றன. கொத்தளங்களுடன் கூடிய ஐங்கோணச் சுற்றுமதில் வேறு. வளைவுகளின் மீது அமைந்த ஒரு நெடும்பாதை அதைக் கோட்டையோடு இணைத்தது. சமாதியையும் கோட்டையையும் இரண்டு தனிச் சின்னங்களாகப் பார்ப்பவருக்கு இந்தத் திட்டம் பிடிபடாது என்பதே என் கருத்து. இன்றோ ஏரி வற்றிவிட்டது. மெஹ்ரோலி–பதர்பூர் சாலை அந்த நெடும்பாதையை ஊடறுத்துச் செல்கிறது.

ஆகவே, பழைய ஏரியின் பரப்பையும், அருகிலுள்ள ஆதிலாபாத் கோட்டைப் பக்கமிருந்த அதன் கரையையும் மதகையும் காட்டும் பெரிய வரைபடம் ஒன்றைக் கோட்டை வாயிலில் நிறுவ வேண்டுகிறேன். கரையும் மதகும் கண்டு வளர்ந்த ஊர்களிலிருந்து வந்த எங்கள் பெரியவர்கள் அதைப் பார்த்தே பிள்ளைகளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நெடும்பாதை அறுபட்ட இடத்தில், போக்குவரத்துத் துறையுடன் கலந்து பேசி, நடந்து செல்வோர் அச்சமின்றிச் சாலையைக் கடக்க ஒரு வழியும் அமைத்துத் தாருங்கள். முதலில் கோட்டை, பின்பு பாதை வழியே சமாதி என்ற வரிசையில் அப்போதுதான் பிள்ளைகளை அழைத்துச் செல்ல முடியும்.

இப்படிக்கு,
தில்லிவாழ் தமிழர் ஒருவர்