கருவின் வயதும் கணவர் ஊருக்கு வந்த தேதியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் இராமநாதபுரம் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கர்ப்பிணிகளின் ஸ்கேன் அறிக்கையில் இத்தனை வாரம் என்று போடுகிறார்களே, அந்தக் கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது என்று வீட்டாருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதனால் எங்கள் பக்கத்தில் பெண்கள் படுகிற பாட்டைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

எங்கள் ஊர்களில் தெருவுக்கு நாலு பேராவது துபாய், சவூதி, சிங்கப்பூர் என்று வேலைக்குப் போயிருப்பார்கள். ஒரு மாதமோ இரண்டு மாதமோ விடுப்பில் வந்து போவார்கள். அப்படி ஒருவர் பொங்கலுக்கு, ஜனவரி 14-ஆம் தேதி வந்தார். மனைவிக்கு நாள் தள்ளிப்போனது. பிப்ரவரி 28-ஆம் தேதி ஒரு தனியார் மையத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். 8 வாரம் என்று அறிக்கை வந்தது. மாமியார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மகன் வந்து ஏழு வாரம்கூட நிறையவில்லை. அன்று இரவே அந்தப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் தெரிந்து நான் அந்த வீட்டுக்குப் போனேன். மாமியார் கேட்டது இதுதான்: "ஏம்மா, அவன் வந்தே ஒன்றரை மாசந்தான் ஆச்சு. புள்ளைக்கு ரெண்டு மாசம்னு எழுதியிருக்காக. மிஷினு பொய் சொல்லுமா?"

மிஷின் பொய் சொல்லவில்லை. உலகம் முழுக்க மகப்பேறு மருத்துவத்தில் வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் தொடங்குகிறது. கரு உண்டான நாளை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. விலக்கான தேதி பெண்ணுக்குத் தெரியும். அதனால் அதையே தொடக்கமாக வைத்துக்கொண்டார்கள். ஸ்கேன் கருவின் நீளத்தை அளந்து, இந்த நீளத்துக்கு இத்தனை வாரம் என்று காட்டும்போதும் இதே கணக்கில்தான் காட்டும். 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு அந்த எட்டு வாரத்தில் முதல் இரண்டு வாரம் வயிற்றில் கருவே கிடையாது.

அந்த வீட்டுச் சுவரில் பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டர் தொங்கியது. மருமகள் தன் விலக்கு நாட்களையும் அதில்தான் சின்னப் புள்ளியாகக் குறித்து வைத்திருந்தாள். ஜனவரி 3-இல் ஒரு புள்ளி. அதற்கு முந்தைய புள்ளி டிசம்பர் 6-இல், சரியாக 28 நாள். காலண்டரை இறக்கி மாமியார் மடியில் வைத்தேன். அடுத்த விலக்கு ஜனவரி 31-இல் வந்திருக்க வேண்டும். கருமுட்டை வெளிவருவது அதற்குச் சுமார் 14 நாள் முன்னால், அதாவது ஜனவரி 17-ஐ ஒட்டி. உங்கள் மகன் ஊரில் இருந்த நாள். அங்கிருந்து பிப்ரவரி 28 வரை நீங்களே எண்ணுங்கள் என்றேன். கட்டம் கட்டமாக விரலை வைத்து எண்ணினார். நாற்பத்திரண்டு நாள், ஆறு வாரம். மறுபடி ஒருமுறை முதலிலிருந்து எண்ணினார். பிறகு மகனைக் கூப்பிட்டு, "போயி அவளைக் கூட்டிட்டு வா" என்றார். அந்த ஆண்டு அக்டோபரில் பெண் குழந்தை பிறந்தது.

எல்லா வீட்டிலும் காலண்டரில் புள்ளி இருக்காதே என்பதுதான் என் கவலை.

கணவர் புறப்பட்டுப் போன பிறகு நடக்கிற குழப்பம் இன்னும் மோசம். வெளிவந்த கருமுட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். ஆனால் ஆணின் விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரைகூடத் தாக்குப்பிடிக்கும். ஆகவே கணவர் விமானம் ஏறி நாலு நாள் கழித்தும் கருக்குழாயில் முட்டையும் விந்தணுவும் சேரலாம். இதைக் கேட்டு நம்ப மறுத்த ஆண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். "விலக்காகி 14-ஆம் நாள்தான் கரு பிடிக்கும், மற்ற நாள் பயமில்லை" என்று இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். கருமுட்டை வெளிவருவதற்கு முந்தைய ஐந்து நாளும் அந்த நாளும் கரு தங்கக்கூடிய நாட்கள். அந்த 14-ஐ அடுத்த விலக்கிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை வருவது 21-ஆம் நாளை ஒட்டி. அதுவும் ஒரு மாதம் போல் மறு மாதம் இருக்காது. இதை நம்பி நாள் பார்த்து இருப்பது பாதுகாப்பான கருத்தடை ஆகாது.

நீண்ட சுழற்சி உள்ள பெண்களுக்கு வேறு விதமான பயம். தேதிப்படி ஆறு வாரம் ஆகியிருக்கும், ஸ்கேனில் ஐந்து வாரம் அளவுதான் தெரியும், இதயத்துடிப்பு தெரியாது. கரு வளரவில்லை என்று அழுதுகொண்டே வருவார்கள். பல நேரம் கரு உண்டானதே ஒரு வாரம் பிந்தித்தான். ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து மறு ஸ்கேன் பார்த்த பிறகே மருத்துவர் எதையும் முடிவாகச் சொல்வார். அதுவரை யார் பேச்சைக் கேட்டும் கருவைக் கலைக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

பால் கொடுக்கிற தாய்மார் சிலர் பிரசவத்துக்குப் பின் விலக்கே வராமல் மறுபடி கர்ப்பமாகி நிற்பார்கள். முதல் விலக்குக்கு முன்பே முட்டை வந்துவிடும் என்பதால் இது நடக்கக் கூடியதே. அவர்களுக்குச் சொல்ல விலக்குத் தேதியே இல்லை. முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கிற ஸ்கேன்தான் வாரக் கணக்குக்கு வழி. அந்த ஸ்கேனிலும் ஐந்து முதல் ஏழு நாள் முன்பின் இருக்கலாம். அதை வைத்து யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது.

சுகாதாரத் துறைக்கு என் கோரிக்கை: ஸ்கேன் மையங்களில் கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே, "வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது, கரு உண்டானது அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து" என்று தமிழில் எழுதி வைக்கட்டும். தாய் சேய் அட்டையில் கடைசி விலக்குத் தேதி எழுதும் இடத்துக்குக் கீழேயும் இதை அச்சிடலாம். எல்.எம்.பி. (கடைசி விலக்குத் தேதி), இ.டி.டி. (பிரசவத்தை எதிர்பார்க்கும் தேதி) என்பதை ஆங்கில எழுத்துச் சுருக்கமாக மட்டும் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினால் வீட்டில் யாருக்குப் புரியும்? அறிக்கையைத் தரும்போது கணவரையும் மாமியாரையும் உள்ளே அழைத்து இரண்டு நிமிடம் எடுத்துச் சொல்லும்படி மருத்துவர்களையும் இளம் செவிலியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
இராமநாதபுரம் மாவட்டம்.

(என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம். அந்தக் குடும்பம் யாரென்று தெரிந்துவிடும்.)