உள்ளே என்ன நடக்கும் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தற்கொலைச் செய்திகளின் கீழே 104, 14416 என்ற உதவி எண்களைத் தவறாமல் போடுகிறீர்கள், நல்ல காரியம். அதற்கு அடுத்து, மனநல ஆலோசனை தரும் சைக்காலஜிஸ்டிடம் போனால் உள்ளே என்ன நடக்கும் என்பதையும் எழுதும்படி கேட்கவே இந்தக் கடிதம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். பத்தில் ஏழு பேர் ஆண்கள். மொத்தத்தில் கால்வாசிக்கு மேல் தினக்கூலிகள். ஆண்களின் மனச்சோர்வு பல நேரம் கோபமாகவும் குடியாகவும்தான் வெளியே தெரிகிறது. வீட்டிலும் 'வேலை டென்ஷன்' என்று விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் விசைத்தறிப் பட்டறையில் சைக்காலஜிஸ்ட் பேச்சை எடுத்தாலே, "மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார், ஷாக் வைப்பார்" என்று பயப்படுகிறார்கள். போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உட்கார்ந்து பேசுவதுதான் அங்கே வேலை. முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். தூக்கம், பசி, வேலை, கடன், குடி எல்லாம் கேட்பார். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்றும் நேராகவே கேட்பார். அப்படி ஒருவர் கேட்பதே பெரிய ஆறுதல். அழுகை வந்தால் அழலாம், வராவிட்டாலும் ஒன்றுமில்லை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகள் தவிர, பேசியது வெளியே போகாது. 2017 மனநலச் சட்டமே இதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார், சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதுவதில்லை.

முதல் நாளே பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துப் போகக் கூடாது. சில வாரம் தொடர்ந்து போக வேண்டும். எந்த நேரத்தில் என்ன எண்ணம் வருகிறது என்று குறித்துவரச் சொல்வார்கள். அதைச் செய்தால்தான் பலன். ஒருவரிடம் மனம் ஒட்டவில்லையா, வேறொருவரைப் பார்க்கலாம், அதில் தப்பில்லை.

மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசுத் தலைமை மருத்துவமனைகளிலேயே பணம் கட்டாமலே இதற்குப் போய்வரலாம் என்பது எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் ஒரு சிக்கல். காலையில் ஓ.பி. வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மனநலப் பிரிவைத் திறந்து வைக்க முடியாதா என்று உங்கள் நிருபர்கள் சுகாதாரத் துறையிடம் கேட்டு, வரும் பதிலை அப்படியே வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விசைத்தறித் தொழிலாளி,
ஈரோடு மாவட்டம்.