பிக்கப் விஷயமாகத் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வாரமாகக் கூப்பிடுகிறேன், "வேலையில் இருக்கிறேன் அப்பா" என்று ஒரு வரி மெசேஜ்தான் வருகிறது. சரி, வேலைதான். உன் தங்கை இன்று அந்தப் பக்கம் வருகிறாள், மீன் குழம்போடு இதையும் கொடுத்து விடுகிறேன். குழம்பு ஆறுவதற்குள் சாப்பிடு, அப்புறம் படி.

கேபிஇ விரைவுச்சாலைச் சுரங்கத்துக்குள் பிக்கப் வண்டி நின்றுபோனதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை, பின்னால் லாரிகள். அந்த 9 கிலோமீட்டர் சுரங்கத்தில் நானும் ஒரு தடவை டயர் வெடித்து நின்றிருக்கிறேன், அந்த இரைச்சல் காதை விட்டுப் போக இரண்டு நாள் ஆனது. நல்லவேளை, விரைவுச்சாலையில் நின்றுபோனால் போக்குவரத்து ஆணையமான எல்டிஏ-வின் வண்டியே வந்து பக்கத்துக் கார்ப்பார்க் வரை காசு வாங்காமல் இழுத்து விட்டுவிடும். அங்கிருந்து பட்டறைக்கு எப்படிக் கொண்டுபோனாய்? பின்சக்கரம் தரையில் உருள இழுக்க விட்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். அது பின்சக்கரத்தில் ஓடும் வண்டி. எஞ்சின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் ஆட்டோ கியருக்குள் எண்ணெய் ஏறாது, உள்ளே எல்லாம் காய்ந்து தேய்ந்துவிடும். மேலே ஏற்றிக்கொண்டு போகிற வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

ரீகான், அதாவது பிரித்துப் புதுப்பித்த கியர் பாக்ஸுக்கு 4,800 வெள்ளி சொன்னார்களாமே. உடனே தலையாட்டிவிடாதே. பட்டறைகள் நிறைய இருக்கிற காக்கி புக்கிட்டில் இன்னும் இரண்டு இடத்தில் கேள். ஹாஃப் கட், அதாவது பாதியாக வெட்டிய பழைய வண்டியிலிருந்து கழற்றியது விலை குறைவு என்பார்கள், அது எவ்வளவு ஓடியது என்று விற்கிறவனுக்கே தெரியாது. ரீகான் என்றால் உள்ளே எதையெல்லாம் மாற்றினார்கள் என்று கேள். கிளட்ச் பிளேட் புதுசா, சீல் புதுசா, எஞ்சினையும் கியரையும் இணைக்கிற டார்க் கன்வெர்ட்டர் என்ன ஆனது? பழைய கன்வெர்ட்டரையே திரும்ப மாட்டினால் அதற்குள் தங்கியிருக்கிற தூள் புது கியர் பாக்ஸுக்குள் இறங்கிவிடும். கியர் எண்ணெயைக் குளிர வைக்கிற கூலர் பைப்பைக் கழுவச் சொல். ரேடியேட்டரையும் பார்க்கச் சொல். வாரண்டியை எழுத்தில் வாங்கு. புது வண்டி வாங்கலாம் என்று மட்டும் நினைக்காதே, வண்டி வைத்திருக்க வாங்க வேண்டிய சிஓஇ சான்றிதழுக்கு மட்டுமே பெரிய தொகை போய்விடும்.

பதினாலு வயதில் நீ கார்ப்பார்க்கில் எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன். பன்னிரண்டா பதினாலா என்று நான் கேட்பதற்கு முன்பே சரியான சைஸ் கையில் வைத்திருப்பாய். இன்று உன் கம்பெனி பெயர் எழுதிய கதவைப் பார்த்து நம் புளோக்கில் என்னை எத்தனை பேர் விசாரித்தார்கள் தெரியுமா? அவ்வளவு பொறுப்பான பிள்ளை, தைப்பூசத்தன்று நடந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு அம்மாவிடம்கூடப் பேசாமல் இருக்கிறாயே. என்மேல் கோபம் என்றால் என்னோடு இருக்கட்டும். அம்மா இரண்டு நாளாக மாத்திரை போட மறக்கிறாள்.

ரேடியேட்டரை மறந்துவிடாதே. அதை முதலில் பார்க்கச் சொல்.

உன்னிடம் வண்டி ஓட்டிய அந்தப் பையனை வேலையை விட்டு நிறுத்திவிட்டாய் என்று நேற்றுத் தங்கை சொன்னாள். கியரை அவன்தான் கெடுத்தான், வண்டி முழுசாக நிற்பதற்கு முன்பே பின்னால் போகிற R-இலிருந்து முன்னால் போகிற D-க்குத் தள்ளுகிறான் என்று சொன்னாயாம். கடைசி மாதச் சம்பளத்திலும் பிடித்திருக்கிறாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இந்தக் கடிதமே அதற்காகத்தான், சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவன் கெடுக்கவில்லை, தம்பி.

உன்னிடம் சாவியைக் கொடுப்பதற்கு நாலு மாதம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மல்டி ஸ்டோரி கார்ப்பார்க்கில் எஞ்சினை ஓடவிட்டு கியர் எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்துப் பார்த்தேன். அந்த எண்ணெய் ரோஸ் சிரப் மாதிரி சிவப்பாக, அந்தப் பக்கம் தெரிய இருக்க வேண்டும். டிஷ்யூவில் வந்தது பால் ஊற்றிக் கலக்கிய பண்டுங். முப்பது வருடம் வண்டி வைத்திருந்தவனுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ரேடியேட்டருக்குள் போகிற கியர் எண்ணெய்க் குழாய் விட்டுப்போய் கூலண்ட் கலந்திருந்தது. தண்ணீர் பட்டால் கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கிற மேல்பூச்சின் பசை விட்டுவிடும். இன்றில்லாவிட்டால் நாளை உரிந்து வரும்.

பட்டறையில் கியர் பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும் என்றார்கள். அந்த மாதம்தான் தங்கை கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருந்தேன். ரேடியேட்டரை மட்டும் மாற்றினேன். எண்ணெயை ஒரே ஒரு தடவை இறக்கி ஊற்றினேன். அப்படி இறக்கினால் பாதிகூட வெளியே வராது, மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கும் என்று தெரிந்துதான் செய்தேன். வண்டி ஓடியது. உன்னிடம் "தங்கம் மாதிரி வண்டி" என்று சொல்லி 15,000 வெள்ளி வாங்கிக்கொண்டேன்.

காலையில் D போட்டால் ஒரு நொடி கழித்துத்தான் 'டக்' என்று பிடிக்கிறது என்று நீ என்னிடம் கேட்டாய். பழைய வண்டி அப்படித்தான் என்றேன். இரண்டாவது தடவை கேட்டபோது, "அந்தப் பையன் எப்படி ஓட்டுகிறான் என்று கவனி" என்றேன். அந்த வார்த்தையை உன் வாயில் போட்டவன் நான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஜோகூர் பாருவிலிருந்து விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி வருகிற பிள்ளை. போன வருடம்தான் இங்கே லைசன்ஸ் எடுத்தான். ஒரு தடவை வீட்டுக்கு வந்தபோது அம்மா கொடுத்த தண்ணீரை நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனான்.

அம்மாவுக்கு இது தெரியாது. தங்கைக்கும் தெரிய வேண்டாம், கல்யாணத்தால்தான் என்று நினைத்துக்கொள்வாள். நானே பிறகு சொல்கிறேன்.

4,800 வெள்ளியும் நான் தருகிறேன், சேம நிதியிலிருந்து எடுத்தது வங்கியில் அப்படியே இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லாதே. சனிக்கிழமை பட்டறைக்கு நானும் வருகிறேன், முன்பு என்ன நடந்தது என்று அவர்களிடம் என் வாயால் சொன்னால்தான் கூலரையும் பைப்பையும் சரியாகப் பார்ப்பார்கள். எட்டு மணிக்கு உன் புளோக் கீழே நிற்பேன். நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

பிடித்த சம்பளத்தை அதற்கு முன்பே அவனுக்குக் கொடுத்துவிடு. அவன் நம்பர் என்னிடம் இல்லை. தயவுசெய்து அனுப்பு, நான் பேச வேண்டும்.

அப்பா