கோப்பை வாங்கித் தராதவருக்கு எதற்குச் சிலை?

கண்ணா,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. இங்கிலாந்தில் நியூகாசில் கால்பந்து கிளப்பின் செயின்ட் ஜேம்ஸ் பார்க் ஸ்டேடியத்துக்கு வெளியே, அணியை நடத்திய பழைய மேனேஜர் பாபி ராப்சனின் சிலை, பக்கத்தில் கையில் பர்கரோடு நீ. போட்டோவில் ஒரு குறையும் இல்லை, கீழே எழுதியிருந்தாயே ஒரு கேள்வி, அதுதான் எரிச்சலாக இருந்தது. "இவர் நியூகாசிலுக்கு ஒரு கோப்பைகூட வாங்கித் தரவில்லையாமே, கடைசியில் வேலையைவிட்டே தூக்கிவிட்டார்களாமே, அப்புறம் எதற்கு அம்மா இந்தச் சிலை?" உன் ஆபீஸில் யாரோ சொன்னாராம். போனில் ஆரம்பித்தால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், சாப்பிடும்போது படி.

கோப்பை இல்லை என்பது உண்மைதான். இங்கிலாந்தின் இப்ஸ்விச் கிளப்புக்கு 1978-ல் எஃப்.ஏ. கோப்பை, 1981-ல் யூஃபா கோப்பை, ஹாலந்தில் பிஎஸ்வி கிளப்புக்கு இரண்டு லீக் பட்டம், போர்ச்சுகலில் போர்ட்டோவுக்கு இரண்டு, பார்சிலோனாவில் இருந்த ஒரே சீசனில் மூன்று கோப்பை. இத்தனை ஊருக்குக் கொடுத்தவர் சொந்த ஊருக்குக் கொடுக்கவில்லை. சொந்த ஊர் என்று சும்மா சொல்லவில்லை. நீ இருக்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், டர்ஹாம் பக்கம் லாங்லி பார்க் என்று ஒரு சுரங்க ஊர் இருக்கிறது, அங்கேதான் வளர்ந்தார். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, 51 வருட வேலையில் ஒரே ஒரு ஷிப்ட்தான் தவறவிட்டாராம். அந்த மனிதர் சனிக்கிழமை ஆனால் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி இதே செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போவார். நியூகாசிலின் பெரிய ஆட்டக்காரர் ஜாக்கி மில்பர்ன் ஆடிய காலம் அது. பாபியே கொஞ்ச நாள் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டிருக்கிறார்.

எனக்கு அவரை 1990 உலகக் கோப்பையிலிருந்து தெரியும், அப்போது இங்கிலாந்து அணியின் மேனேஜர். வியாசர்பாடியில் எங்கள் தெருவில் டிவி இருந்த ஒரு வீட்டில் மொத்தக் கூட்டமும் உட்கார்ந்து தூர்தர்ஷனில் பார்த்தோம், இங்கிலாந்துக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் அரையிறுதி, நம் நேரத்துக்கு நள்ளிரவை ஒட்டி. பெனால்டியில் தோற்றார்கள். உன் மாமா ஜெர்மனி பக்கம், நான் அந்த நரைத்த தலை மேனேஜர் பக்கம். காரணம் கேட்காதே, தோற்றபிறகும் அவர் யார்மீதும் கத்தவில்லை, அது பிடித்துப்போயிற்று.

1997 ஜனவரியில் மேனேஜர் கெவின் கீகன் நியூகாசிலை விட்டுப் போனதும் கிளப் முதலில் போய் நின்றது ராப்சன் வாசலில்தான். அவர் அப்போது பார்சிலோனாவில். சின்ன வயதிலிருந்து மனதில் இருந்த கிளப் கூப்பிடுகிறது, ஆனாலும் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன் என்று வரவில்லை. இத்தனைக்கும் சீசன் முடிந்ததும் பார்சிலோனா வேறொருவரை மேனேஜராக்கி இவரை ஓரமாக வேறு நாற்காலியில் உட்காரவைத்தது! கடைசியில் 1999 செப்டம்பரில்தான் ஊருக்கு வந்தார், 66 வயதில். அணி லீக்கில் அடிமட்டத்தில் கிடந்தது. சொந்த மைதானத்தில் அவருடைய முதல் மேட்ச்சில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டேவை எட்டுக்குப் பூஜ்யம் என்று அடித்தார்கள், அதில் ஆலன் ஷியரர் மட்டும் ஐந்து.

அப்புறம் 2002 நவம்பர். நீ சின்னப் பையன், தூங்கிவிட்டாய், நானும் மாமாவும் விடியற்காலை வரை டிவி முன்னால். ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் குரூப்பில் முதல் மூன்று மேட்ச்சும் தோற்ற அணி அடுத்த சுற்றுக்குப் போனதாக அதுவரை சரித்திரமே இல்லை. இவர்கள் அடுத்த இரண்டை ஜெயித்து, கடைசி மேட்ச்சில் ராட்டர்டாமில் ஃபெயனூர்ட் அணியோடு 2-2. முடிய நேரமே இல்லை. கீரன் டயர் என்ற ஆட்டக்காரர் அடித்த பந்தை கோல்கீப்பர் தடுக்க, ஓரத்திலிருந்து பெல்லமி உள்ளே தள்ளினார். மாமா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. லீக்கிலும் அடுத்தடுத்து நான்காவது, மூன்றாவது, ஐந்தாவது இடம்.

ஐந்தாவது போதவில்லை என்றுதான் பிரச்சினை ஆரம்பித்தது. 2004-05 சீசனில் நாலே நாலு லீக் மேட்ச் முடிந்திருந்தது, ஆகஸ்ட் 30-ஆம் தேதி சேர்மன் ஃப்ரெடி ஷெப்பர்ட் அவரை வேலையிலிருந்து எடுத்தார். முதலாளிதான் காரணம் என்று இன்றைக்கு எல்லோரும் சுலபமாகச் சொல்வார்கள். ஆனால் அந்த மே மாதம் சொந்த மைதானத்தில் கடைசி மேட்ச் வுல்வ்ஸ் அணியோடு டிரா ஆனபோது என்ன நடந்தது? சீசன் முடிவில் ஆட்டக்காரர்களும் மேனேஜரும் மைதானத்தைச் சுற்றி வந்து கையசைப்பார்கள், உனக்கே தெரியும். அவர்கள் வரும்போது கேலரி பெரும்பாலும் காலி. ஜனங்கள் எழுந்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். உன் ஆபீஸ்காரர் அன்றைக்கு ஸ்டேடியத்தில் இருந்தாரா, கடைசிவரை உட்கார்ந்திருந்தாரா என்று கேட்டுப் பார்.

இப்படி ஒரு கூட்டத்தை அவர் முன்பே பார்த்தவர். இப்ஸ்விச்சில் ஆரம்ப வருடங்களில் சொந்த ரசிகர்களே "ராப்சனே வெளியே போ" என்று கோஷம் போட்டார்கள். மறுபடி போர்டு மீட்டிங் கூடியபோது வேறு யாராக இருந்தாலும் சீட்டைக் கிழித்திருப்பார்கள், அங்கே சேர்மன் ஜான் காபோல்ட் செய்த முதல் காரியம், ரசிகர்களின் நடத்தைக்காக போர்டு மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்கிறது என்று மினிட்ஸில் எழுதவைத்தது. 13 வருடம் அங்கே இருந்தார், அத்தனை வருடத்தில் வெளியிலிருந்து வாங்கியது 14 ஆட்டக்காரர்கள்தான், மற்றவர்களைப் பையன்களாக எடுத்து வளர்த்தார். அதே ஊர் 2002-ல், அவர் உயிரோடு இருக்கும்போதே, போர்ட்மன் ரோடு ஸ்டேடியத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தது. நியூகாசில் வைத்தது 2012-ல், செத்து மூன்று வருடம் கழித்து. அதனால்தான் சொல்கிறேன், நீ பக்கத்தில் நின்று போஸ் கொடுத்தாயே அந்தச் சிலையில் பாசம் பாதி, கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் இருக்கிறது. ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள், எனக்கென்ன, நான் சொல்வேன்.

நியூகாசில் வேலையிலிருந்து எடுத்தபிறகு அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. கசந்து பேசிக்கொண்டும் திரியவில்லை, வருத்தம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை, ஆனால் மேட்ச் பார்க்க அதே ஸ்டேடியத்துக்குப் போனார். அவருக்குப் பிறகு வந்த மேனேஜர்களின் பெயரை மாமா விரல்விட்டு எண்ணுவார், ஒரு கை போதாது. 2009 மே மாதம் நியூகாசில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியே விட்டது. ஐந்தாவது இடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் ஜனங்களுக்கு உறைத்தது.

அதற்குள் அவருக்கு உடம்பு முழுக்கப் போராட்டம். 1992-லிருந்து ஐந்து தடவை புற்றுநோய். 1995-ல் முகத்தில் வந்தது, வாய்க்குள் மேல் அண்ணம் வழியாக ஆபரேஷன் செய்தார்கள், மேல் பற்கள் போயின, செயற்கை அண்ணம் பொருத்திக்கொண்டு சில மாதத்தில் போர்ட்டோ அணியோடு நின்றார். (இந்தப் போர்ட்டோவில்தான், அவர் குடியிருந்த அதே கட்டடத்துப் பையன் ஒருவன், டொமிங்கோஸ் என்ற ஆட்டக்காரரை ஏன் ஆடவைக்கவில்லை என்று அவருக்கு லெட்டர் எழுதிப் போட்டான். திட்டாமல் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். அந்தப் பையன் ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ், பின்னாளில் செல்சி மேனேஜர். பின்னாளில் பெரிய மேனேஜரான மொரீனியோவும் இவரிடம் மொழிபெயர்ப்பாளராக வந்து சேர்ந்தவர்தான். ஆட்களின் பெயர் மட்டும் இவருக்கு நிற்காது. இங்கிலாந்து கேப்டன் பிரையன் ராப்சனையே ஒரு காலை "குட் மார்னிங் பாபி" என்று கூப்பிட்டு, "பாபி நீங்கள், நான் பிரையன்" என்று பதில் வாங்கினார் என்பார்கள். உன்னை நான் மாமா பெயரில் கூப்பிடுவதைச் சிரிக்கிறாயே, இதையும் ஞாபகம் வைத்துக்கொள்.)

2007-ல் இனி குணமாகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். 2008-ல் அவரும் மனைவி எல்சியும் அறக்கட்டளை ஆரம்பித்தார்கள். நியூகாசில் ஃப்ரீமேன் ஆஸ்பத்திரியில் புதிய புற்றுநோய் மருந்துகளைச் சோதிக்கும் மையத்துக்கு 5 லட்சம் பவுண்டு வேண்டும், அதுதான் குறி. ஏழே வாரத்தில் சேர்ந்துவிட்டது. இன்றைக்கு அந்தத் தொகை ஒரு கோடி பவுண்டைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அந்த மருந்துகள் வந்து தனக்குப் பயன்படாது என்று தெரிந்தேதான் செய்தார்.

2009 ஜூலை 26, அந்த மையத்துக்கு நிதி திரட்ட செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் 1990 அரையிறுதியைத் திரும்ப ஆடினார்கள், பழைய இங்கிலாந்து, பழைய ஜெர்மனி. சக்கர நாற்காலியில் வந்து ஒவ்வொரு ஆட்டக்காரரிடமும் கை கொடுத்தார். இந்த முறை இங்கிலாந்து 3-2, ஷியரர் பெனால்டி. ஐந்து நாள் கழித்து, ஜூலை 31, போய்விட்டார்.

ஸ்டேடியத்தில் லீசஸ் எண்ட் கேலரியைத் திறந்துவிட்டார்கள். ஜெர்சி, ஸ்கார்ஃப், பூ, கையால் எழுதிய தாள், வரிசை வரிசையாக நாற்காலி தெரியாமல் மூடிப்போயிற்று. 2004-ல் காலியாகக் கிடந்த அதே ஸ்டேடியம்! அதில் சண்டர்லேண்டின் சிவப்பு வெள்ளை ஜெர்சியும் கிடந்தது என்பதை டிவியில் பார்த்து எனக்கு நம்பமுடியவில்லை, அந்த இரண்டு ஊரும் எப்படி முறைத்துக்கொள்ளும் என்று இத்தனை மாதத்தில் நீயே பார்த்திருப்பாய்.

செப்டம்பரில் டர்ஹாம் கதீட்ரலில் அஞ்சலிக் கூட்டம். அதே வாரம் சனிக்கிழமை இப்ஸ்விச்சும் நியூகாசிலும் போர்ட்மன் ரோட்டில் மோத வேண்டும் என்று அட்டவணையில் ஏற்கனவே இருந்தது, யார் திட்டமிட்டதும் இல்லை. அங்கே ஒரு கேலரிக்கு அவர் பெயர் வைத்தார்கள். அன்றைக்கு நியூகாசில் நாலுக்குப் பூஜ்யம் ஜெயித்தது, கெவின் நோலன் மூன்று கோல்.

ராப்சன் இருந்திருந்தால் அந்த நாலு கோலுக்கும் கை தட்டியிருப்பாரா என்று எனக்கும் மாமாவுக்கும் இன்னும் சண்டை. பிறந்த மண், நிச்சயம் தட்டியிருப்பார் என்கிறேன் நான். வளர்த்துவிட்ட கிளப் சொந்த மைதானத்தில் தோற்கும்போது எந்த மனிதன் தட்டுவான் என்கிறார் அவர். நீ யார் பக்கம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல், ஸ்பீக்கரில் போடுகிறேன்.

அம்மா