'கோரிக்கை இல்லை' என்று வாங்கிய கையெழுத்து செல்லாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் நிவாரணத் தொகை பற்றி மட்டுமே செய்தி வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாளும் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரையில் தச்சர்களும் வெல்டர்களும் கையாட்களும் ஓய்வில்லாமல் விசைப்படகுகளைப் பழுது பார்க்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் பார்த்தவரை, விரல் துண்டாகி வருகிறவர்கள் அதிகமாக இருப்பதும் அப்போதுதான்.

காரணம் ஊரறிந்தது. இரும்பு அறுக்கும் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுகிறார்கள். பிளேடு பெரிது என்பதால் கார்டை, அதாவது கையைக் காக்கும் தடுப்பு மூடியை, கழற்றி விடுகிறார்கள். பலகையில் ஆணி தட்டினாலோ பிளேடு சிக்கினாலோ மிஷின் துள்ளும்; எதிரே கை இருக்கும்.

மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். இப்படி விரல் போனவர்கள் கலெக்டர் அலுவலகத்துத் திங்கட்கிழமை கூட்டத்துக்கு 'ஐயா, ஏதாவது உதவி' என்று மனு எழுதச் சொல்கிறார்கள். இது தர்மம் கேட்கிற விஷயமே இல்லை. 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் தந்த உரிமை. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருப்பவர்களுக்கு அந்த வழி தனி. மற்றவர்கள் போக வேண்டியது தொழிலாளர் துறையில் இழப்பீட்டை விசாரிக்கும் அதிகாரியிடம், விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள். தினக்கூலி என்பதற்காக யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

தொகையைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. ஆட்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு, கட்டைவிரலுக்கு 30 என்று சட்டத்தில் அட்டவணையே இருக்கிறது. 30 வயதுக்காரர், மாத வருமானம் 12,000 ரூபாய் என்றால் ஆட்காட்டி விரலுக்கு ஏறக்குறைய 2 லட்சத்து 9 ஆயிரம். கட்டைவிரல் என்றால் 4 லட்சத்து 49 ஆயிரம். மருத்துவச் செலவு இதில் சேராது, அது தனி.

நடப்பது என்ன? ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே முதலாளிகள் சில ஆயிரத்தைக் கையில் திணித்து, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்தோ, பெருவிரல் இருந்தால் ரேகையோ வாங்கிவிடுகிறார்கள். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் சட்டப்படி செல்லாது. கையெழுத்துப் போட்டாகிவிட்டதே என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'நீ கவனமாக இருந்திருக்கணும்' என்பதும் தப்பிக்கும் வழியல்ல. பாதுகாப்புச் சாதனம் என்று தெரிந்தே தொழிலாளி அதை வேண்டுமென்று கழற்றியிருந்தால் முதலாளி மறுக்க இடமுண்டு, உண்மைதான். ஆனால் கையில் கொடுத்தபோதே கார்டு இல்லாத மிஷின் என்றால் அந்தப் பேச்சு நிற்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் கரையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, அதனால் துண்டான விரலை நேராக ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுபோகிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை கெட்டு, ஒட்டவைக்க முடியாமல் போகும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைக்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு 170 கிலோமீட்டர் இருக்கிறது. அவ்வளவு தூரத்துக்கு இந்தப் பக்குவம் அவசியம்.

வழக்கு நடத்த வசதியில்லாத தொழிலாளர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். தடைக்காலத்தில் படகுகளை ஆய்வு செய்ய மீன்வளத் துறையினர் எப்படியும் கரைக்கு வருகிறார்கள். தொழிலாளர் துறையிலிருந்தும் ஓர் அலுவலர் கூட வந்து, கிரைண்டர்களில் கார்டு இருக்கிறதா என்று பார்த்து, இந்த அட்டவணையை படகுத்துறை வாசலில் தமிழில் ஒட்டிவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
மனு எழுதும் வாசகர் ஒருவர்,
மண்டபம்.